சாத்திய கேட்டும் வக்கீலம்மாவும்

வக்கீல் குமாஸ்தாக்கள் சங்க மலருக்கு எழுதச் சொல்லி முதலில் கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டேன். எழுதினால் யாராவது வருத்தப்படுவார்களோ, பழைய கட்சிக்காரர் யாராவது வீடு தேடி வந்துவிடுவாரோ என்று ஆயிரம் யோசனை. மறுபடி வந்த இளம் வக்கீல் ஒருவர் தம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிப்டில் ஏறக் கூடாது என்று ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். யாரோ அதைப் படம்பிடித்துப் பரப்பிவிட, ஊரே திட்டிக்கொண்டிருக்கிறது.

"அண்ணா, உங்க மேடம் இருந்திருந்தா இதுக்கு என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டார்.

"இந்த நோட்டீஸே செவுத்துக்கு வந்திருக்காதுங்க தம்பி" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. எழுதித்தான் தீர வேண்டும் என்றாகிவிட்டது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

கிணத்துக்கடவுப் பக்கம் பிறந்தவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. கோவைக்கு வந்து மில்லில் சேர்ந்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டு ஒரு சிவில் வக்கீலிடம் ஒட்டிக்கொண்டேன். அவர் காலமானதும், அவரிடம் ஜூனியராக இருந்த சரோஜினி அம்மா தனியாக ஆபீஸ் போட்டார். பழைய ஆபீஸிலிருந்து மேசை, பீரோ, சட்டப் புத்தகங்களோடு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஆனாலும் எனக்கு அவர் கடைசிவரை வக்கீலம்மாதான்.

எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். வாய்தா தேதியைச் சரியாகக் குறித்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டிறங்கி ஆபீஸுக்குத் திரும்பிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்து மறுபடி போய் இழுப்பேன். ஒரு நாள் அதைப் பார்த்த வக்கீலம்மா, "ஆறுச்சாமி, நீங்க பயப்படறது ஆபீஸுக்கு நல்லதுங்க. உங்க வயித்துக்குத்தான் நல்லதில்லை. டீயைக் கொறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆர்.எஸ்.புரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கின. தோட்டங்காட்டில் விசாலமாக இருந்தவர்களும், தனி வீட்டில் கேட்டுக்குள் கார் நிறுத்திப் பழகியவர்களும் வந்து குடியேறினார்கள். தலைக்கு மேலே ஒரு குடும்பம், காலுக்குக் கீழே ஒரு குடும்பம் என்பது எல்லோருக்கும் புதிது. குடியிருப்போர் சங்கம் தொடங்கினார்கள். சங்கத்துக்கு விதிமுறை வேண்டும் என்று வக்கீலம்மாவிடம் வந்தார்கள். விதிமுறையை எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள், கொஞ்ச நாளில் சண்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

சண்டையோடு வருகிறவர்களுக்காகவே அம்மாவின் மேசையில் ஒரு தட்டு நிறைய அவித்த கடலைக்காய் இருக்கும். வந்தவர் குரலை உயர்த்தினால் தட்டை அவர் பக்கம் நகர்த்துவார். "சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க." பேச்சு ஓட்டத்தில் அவரும் ஒன்றை எடுத்து உரிப்பார், அப்புறம் இன்னொன்று. பாதித் தட்டு காலியாவதற்குள் கோபம் பாதி இறங்கியிருக்கும். காரணம் கேட்டேன். "தோலுரிக்கற கை மேசையைத் தட்டாதுங்க" என்றார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த நோட்டீஸானாலும், கடிதமானாலும், டைப் அடித்து முடித்தபின் நான் அதை அவருக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதுவும் நான் படிப்பதாக இல்லை. அது யாருக்குப் போகிறதோ அவர் தன் வீட்டு வாசலில் உறையைக் கிழித்துப் படிப்பதாக நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்குத்தான் சின்ன விஷயத்துக்கும் பயம் வந்துவிடுமே, கடுமையான இடம் வந்தால் குரல் தானாகத் தடுமாறும். தடுமாறிய இடத்தில், "அதை எடுத்துருங்க" என்பார்.

சாயிபாபா காலனிப் பக்கமிருந்து ஒரு சங்கத்தார் வந்தார்கள். வாடகைக்கு இருந்த இரண்டு பையன்கள் அறையில் பெண்கள் வந்து போகிறார்கள், பையன்கள் பெயர் போட்டு வாசலில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், சட்டப்படி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவர்கள் எழுதி வந்ததை அப்படியே படிக்கச் சொன்னார் அம்மா. இரண்டாவது வரியில் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? எங்க குமாஸ்தாவுக்கே தொண்டை அடைக்குது. நாளைக்கு இதை ஒரு பத்திரிகைக்காரர் படிச்சார்னா அவருக்கு அடைக்காதுங்க, எச்சில் ஊறும்" என்றார். வந்த பெண்கள் அந்தப் பையன்களின் அக்காவும் சித்தி மகளும் என்று பிறகுதான் தெரிந்தது. அறிவிப்பு ஒட்டியிருந்தால் அந்தச் சங்கம் எந்த முகத்தோடு வெளியே நடந்திருக்கும் என்று நினைத்து அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. என் பயத்துக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு.

இப்போது அந்தக் கேட் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆர்.எஸ்.புரத்தில் குறுக்குத் தெரு ஒன்றில் மூன்று மாடிக் குடியிருப்பு. செயலாளர் கோவிந்தராஜ், கணபதியில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருந்தவர். நேர்மையான ஆள். விதிமுறை என்றால் அவருக்குப் பட்டறை அளவுகோல் மாதிரி. இம்மி பிசகக் கூடாது. மூன்றாவது மாடியில் குழந்தைவேல், பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி. பிள்ளைகளின் படிப்புக்காகக் கோவைக்கு வந்தவர், தம் அப்பாவையும் கூடவே வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு முற்பகல் கோவிந்தராஜ் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"மேடம் இருக்காங்களாங்க? பத்திரிகைக்காரன் மேல ஒரு மானநஷ்ட நோட்டீஸ் ரெடி பண்ணச் சொல்லுங்க. உடனே வேணுங்க."

அம்மா போனை வாங்கினார். நீளமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நோட்டீஸ் இருக்கட்டுங்க. கேட் இப்பத் தொறந்திருக்குதா, சாத்தியிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

"கெளம்புங்க ஆறுச்சாமி. பேனா, பேப்பர் போதும்."

ஆட்டோவில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். குழந்தைவேலின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மாடி ஏற்ற முடியாது, லிப்டில் படுக்கவைக்க இடமில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சடங்கு செய்து எடுக்கலாம் என்று வந்தால், காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. பொது இடத்தில் பந்தலோ கூட்டமோ போட வேண்டுமானால் ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. செயலாளரைக் கேட்டதற்கு, தாம் வரும்வரை திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வந்த பிறகும் திறக்காமல் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். இதற்குள் உறவுக்காரர் யாரோ மாலைப் பத்திரிகை ஆபீஸுக்குச் சொல்லிவிட, நிருபர் கேமராவோடு வந்துவிட்டார்.

"அம்மா, நம்ம படமும் வந்துருமுங்களா?" என்றேன். என் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வந்தா வரட்டுங்க. நீங்க சிரிக்காம நில்லுங்க, போதும்."

தெரு முனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் இன்ஜினை அணைத்துவிட்டு வெயிலில் நின்றது. பொள்ளாச்சியிலிருந்து வேனில் வந்த சொந்தக்கார உறம்பரைகள், பெண்கள் எல்லாம், சாக்கடைத் திட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வயதான உறவுக்காரர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு காவலாளியைக் கேட்டார்: "ஏனப்பா, செத்தவரு செவுரேறிக் குதிக்கோணுமாக்கு?"

"எனக்குச் சொன்னதைத்தானுங்க செய்யறேன்" என்று காவலாளி அழாத குறையாகச் சொன்னார்.

"ஊட்டுச் சாவி எங்க கையில இருக்குது, கேட்டுச் சாவி இவுங்க கையில இருக்குதாமா! நல்லா வாங்குனீங்கடா ஊடு!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள்.

குழந்தைவேல் ஆம்புலன்ஸ் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெயில் உள்ளே படாமல் துண்டை விரித்துப் பிடித்திருந்தார்.

வக்கீலம்மா சங்கத்தார் பக்கம் போகவில்லை. நேரே குழந்தைவேல் முன்னால் போய்க் கை கூப்பினார். "நான் சங்கத்து வக்கீலுங்க. கேட்டைத் தொறக்கத்தான் வந்திருக்கறேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார்.

காவலாளி ஆள் நுழையும் சின்னக் கதவு வழியாக எங்களை உள்ளே விட்டார். அங்கே கோவிந்தராஜ் வியர்த்துப்போய் நின்றிருந்தார். பெரிய கேட்டின் சாவி அவர் சட்டைப் பையில்.

"இப்பத் தொறந்தா நாம தப்புப் பண்ணுனதா ஆயிராதுங்களா மேடம்?"

"தப்புத்தானுங்க பண்ணியிருக்கறோம்."

"நீங்க எழுதிக் குடுத்த விதிதானுங்களே!"

"ஆமாங்க, நான்தான் எழுதினேன். கல்யாணம், காதுகுத்து, சீரு எல்லாத்தையும் யோசிச்சேன். சாவை யோசிக்கலைங்க. புதுசா ஊடு வாங்கி, பால் காய்ச்சி, சந்தோஷமா வந்து உக்காந்தவங்ககிட்ட சாவைப் பத்தி யாருங்க பேசுவா? அது என் பிசகு. அதுக்கு அந்தப் பெரியவரு வெயில்ல கெடக்கோணுமா?"

கோவிந்தராஜ் குரலைத் தாழ்த்தினார். "அது மட்டும் இல்லீங்க. தலைவர் ஊட்டுல சாயந்தரம் பொண்ணு பாக்க வாராங்க. வாசல்லயே எழவைப் பாத்துட்டு வந்தா அந்தப் புள்ளை கதி என்னங்க ஆகறது?"

இதுதான் உள்விஷயம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சங்கத் தலைவர் முதல் மாடி, பாக்கு வியாபாரம், அன்று மேட்டுப்பாளையம் போயிருந்தார்.

"திறக்க வேண்டாம்னு தலைவர் சொன்னாருங்களா?"

"அவரு சொல்லோணுமாங்க? நமக்கே தெரியாதா?"

"அவங்க ஊட்டம்மாகிட்டக் கேட்டீங்களா?"

கோவிந்தராஜ் முதல் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் படியேறினேன். கதவைத் தட்டத் தயங்கினேன். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் போய்ச் சாவைப் பற்றிக் கேட்க வேண்டுமே. தலைவரின் மனைவி கதவைத் திறந்தார். பின்பக்கச் சமையலறையில் இருந்ததால் கேட் சாத்தியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. செருப்புக்கூடப் போடாமல் என்னை முந்திக்கொண்டு கீழே இறங்கினார்.

"ஏனுங்கண்ணா, எங்க பேரைச் சொல்லியா கேட்டைச் சாத்துனீங்க?" என்று கோவிந்தராஜைக் கேட்டார். "ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தப்பவே மாப்பிள்ளை ஊட்டுக்குப் போன் பண்ணி இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லிப்போட்டனே! அந்தப் பெரியவரு எம் புள்ளை வெளையாடறப்ப டென்னிஸ் பந்து எடுத்துப் போட்டவரு. அவரு கெடக்கறப்ப எங்களுக்குப் பஜ்ஜி எறங்குமாங்க?"

கோவிந்தராஜ் சாவியை எடுத்தார். காவலாளியிடம் கொடுக்கவில்லை. தாமே போய்த் திறந்தார். ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது.

அதற்குள் சங்கத்தார் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர், பத்திரிகை ஆசிரியர் தம் மச்சானுக்குத் தெரிந்தவர் என்றார். ஒருவர், நோட்டீஸ் விட்டால் பயந்துவிடுவார்கள் என்றார். ஒருவர், கேட் பூட்டு துருப்பிடித்துத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார்.

"நோட்டீஸ் விட்டா, நோட்டீஸ் விட்டதும் ஒரு செய்திங்க. பூட்டு துருன்னு சொன்னா, அவரு பூட்டைப் படம் எடுப்பாரு" என்றார் அம்மா. "இனி செக்ரட்டரி ஒருத்தர்தான் பேசோணும். மத்தவங்களுக்கு வாய் சும்மா இருக்கோணும்னா கைக்கு வேலை வேணும். போய் சேர் எடுத்துப் போடுங்க. பொம்பளைங்களுக்குத் தண்ணி குடுங்க."

மோட்டார் அறைச் சுவரில் பேப்பரை வைத்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கேட் திறக்கப்படாமல் இருந்தது உண்மை. அது தவறு. குடும்பத்தாரிடம் சங்கம் மன்னிப்புக் கேட்கிறது. இவ்வளவுதான். "சிரமம் ஏற்பட்டிருந்தால் என்று போட்டுக்கலாமுங்களா?" என்று கோவிந்தராஜ் கேட்டார். "இருந்தால் என்னங்க, ஏற்பட்டதை நீங்களே பாத்தீங்களே" என்றார் அம்மா. பிறகு என்னைப் படிக்கச் சொன்னார். குழந்தைவேல் படிப்பதாக நினைத்துக்கொண்டு படித்தேன். குரல் எங்கும் தடுமாறவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிருபர் எதிர்ப்பக்கம் பேக்கரி நிழலில் நின்றிருந்தார். கோவிந்தராஜ் போய் அந்த மூன்று வரியைச் சொன்னார். விதியை எழுதியது தாம்தான் என்று வக்கீலம்மாவும் சொன்னார்.

நிருபர் நம்பவில்லை. "என்னங்க மேடம், வக்கீலா இருந்துட்டு ஒத்துக்கறீங்களே?"

"ஒத்துக்கிட்டா ஒரு நாள் செய்திங்க. மறுத்தா ஒரு வாரச் செய்தி. போடாதீங்கன்னு நான் கேக்க வரலை, நடந்தது நடந்துதான். ஆம்புலன்ஸ் படத்தை மட்டும் அவரு மகனைக் கேக்காமப் போடாதீங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கறேனுங்க" என்றார்.

வேலை முடிந்தது என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அம்மா கோவிந்தராஜ் பக்கம் திரும்பினார். "இது பத்திரிகைக்குங்க. அவருக்கு நீங்க என்ன செய்யோணும்னு நான் சொல்லித்தரத் தேவையில்லை."

எங்கள் பக்கம் துக்கம் கேட்கப் போகிற ஆண்கள் ஒன்றும் பேச மாட்டார்கள். இரண்டு கையையும் விரித்து நீட்டுவார்கள். துக்க வீட்டுக்காரர் அதைத் தொட்டுக்கொள்வார். தொட்டால் உங்கள் துக்க விசாரிப்பை ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். தொடாமல் விட்டால் அந்த உறவு அங்கேயே அறுந்தது. அப்படி அறுந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும், பேரன் காலம்வரை பேச்சுவார்த்தை இராது.

குழந்தைவேல் அப்பாவின் கால்மாட்டில் நின்றிருந்தார். வரிசையில் ஆட்கள் கை நீட்டிக்கொண்டு போனார்கள். கோவிந்தராஜ் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தது. கைகளை நீட்டினார். பட்டறைக் கை, ரேகையெல்லாம் கிரீஸ் கறுப்பு. குழந்தைவேல் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பொள்ளாச்சிப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வக்கீலம்மாவைப் பார்த்தேன், அவரும் சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கோவிந்தராஜ் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே நின்றார்.

குழந்தைவேல் தொட்டார்.

நிருபரின் கேமரா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலைப் பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. துக்க வீட்டுக்குக் கேட் திறக்கத் தாமதம், சங்கம் மன்னிப்பு. படம் இல்லை, குடியிருப்பின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கும் சங்கத்தார் சிலர் முகம் சுளித்தார்கள். "நாலு வரி போடற அளவுக்கு நாம செஞ்சிருக்கறோமுங்களே, வரட்டும்" என்றார் அம்மா. மறுநாள் எதுவும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பத்திரிகையை வாங்கி விளம்பரம்வரை படித்துப் பார்த்தவன் நான்.

அம்மா விதியைத் திருத்தி எழுதினார். சாவு நேர்ந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கேட் திறந்தே இருக்கும், கார்களை எடுத்து இடம் விட வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு. அதற்குப் பணம் வாங்கிக்கொள்ளவில்லை. தம்மிடம் விதிமுறை எழுதி வாங்கியிருந்த மற்றச் சங்கங்களுக்கும் தாமே எழுதிப்போட்டார்.

வருடாந்தரக் கூட்டத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். கோவிந்தராஜ் எழுந்து, தாம் விலகிக்கொள்வதாகவும் வேறு செயலாளரைத் தேர்ந்தெடுக்கும்படியும் சொன்னார். அந்தக் கேட் பேச்சை யாரும் எடுக்கக் கூடாதே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து குழந்தைவேல் எழுந்தார். அப்பாவுக்காக மொட்டையடித்த தலையில் முடி முழுக்க வளர்ந்திருந்தது.

"இவரே இருக்கட்டுங்க" என்றார். "இனிமே அந்தக் கேட்டைச் சாத்தறதுக்கு முன்னால இவரு கை ஒரு தடவை யோசிக்கும். புதுசா வாரவருக்கு அது தெரியாதுங்களே."